எதிர்பார்த்த எச்சரிக்கை

காலை 8.30 மணிக்கு மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரை அளவுக் குழாயிற் கவிழ்த்து, அதனைக் கண்மட்டத்திற்கு உயர்த்திப் பார்த்துக் கொப்பியில் ஓர் எண்ணை எழுதுவது, அவளுடைய அப்பப்பா செய்துவந்த வேலைகளுள் மிகச் சிறியதொன்று. வலிகாமத்துப் பண்ணையொன்றில் அவர் பணியாற்றிய காலத்தில் மற்றை வேலைகளெல்லாம் வேறு ஆட்களுக்கு மாறி மாறிப் போயின. மானி மாத்திரம் அவர் கையைவிட்டுப் போகவில்லை. மாத முடிவிற் பதிவுத் தாள் மேலிடத்துக்கு அனுப்பப்படும். அதன் பிரதியொன்றை அவர் தம்முடைய கொப்பியிலும் எழுதி வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "எழுதினது எங்கட கையிலையும் இருக்க வேணும்" என்பார்.

அக்கொப்பிகளில் மழையில்லாத நாட்களை அவர் இரண்டு விதமாக எழுதியிருந்தார். மானியைத் திறந்து பார்த்தும் நீர் இல்லையெனில் 0.0. அளக்க இயலாத சிறு தூறல் விழுந்திருப்பின் அதற்குச் 'சுவடு' என்று தனியாக ஒரு சொல். மானியை எவரும் திறந்து பார்க்காத நாளுக்கோ ஒரு குறுக்குக் கோடு. வேலையிற் சேர்ந்த புதிதில், காய்ச்சலிற் கிடந்த நாளொன்றுக்கு அவர் 0.0 என்று எழுதிவிட்டார். பார்வையிட வந்த உத்தியோகத்தர் அதைப் பார்த்து, "நீர் பார்க்கேல்லையெண்டால் வானம் பெய்யேல்லையெண்டு அர்த்தமோ?" என்று கேட்டாராம். அக்கேள்வியை அவர் ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் சிரிப்போடு சொல்லுவார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதப் பக்கத்தில் 30ஆம் திகதி வரைக்கும் எண்கள் உள்ளன. 31ஆம் திகதியிலிருந்து கோடு. நவம்பர்ப் பக்கம் முழுவதும் கோடு; டிசம்பரும் அவ்வாறே. ஒக்டோபர் 30ஆம் திகதி காலையில் மானியைப் பார்த்தவர், அன்று மாலையே வலிகாமத்து மக்களோடு மக்களாகச் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தார். அன்றிரவு மழை பெய்ததென்று அவர் சொல்லுவார். சைக்கிளில் மூட்டையும், மூட்டைக்கு மேல் ஓலைப் பாயும், பாய்க்குள் கொப்பிகளும் இருந்தன. நனைந்த மை இப்பொழுதும் சில பக்கங்களில் ஊதா நிறமாய்ப் படர்ந்து கிடக்கின்றது. அவர்கள் நனைந்து நடந்த அந்த மழையை எவரும் அளக்கவில்லை.

அவள் கலைப்பீடத்து இறுதியாண்டு மாணவி. புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டவள். வலிகாமத்து முப்பதாண்டு மழைவீழ்ச்சியின் மாறுந்தன்மையைத் தன் ஆய்வுக் கட்டுரைக்குப் பொருளாக எடுத்தபோது, அப்பப்பாவின் கொப்பிகள் ஒரு நிலையத்தின் தரவாயின. சில மைல் தொலைவிலுள்ள இன்னொரு நிலையத்தின் மாத மொத்தங்கள், எவரோ முன்னர் கணினியிற் பதிந்து வைத்த கோப்பாகக் கிடைத்தன. கொப்பிகளை அவளே இரண்டு மாத காலம் இருந்து கணினியிற் பதிந்தாள். கோட்டுக்குப் பதிலாக வெற்றிடம் விட்டாள். கணிப்புக்கென அவள் கற்றுக்கொண்டது பைதன் என்னும் ஸ்கிரிப்ட் மொழி. 1991ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் அம்மொழி, கலைப்பீடத்தார்க்கும் அச்சந்தராத எளிய தொடரமைப்பு உடையது.

அம்மொழிக்குத் துணையாக நம்பை என்னும் எண்கணிப்புத் தொகுப்பொன்று உண்டு. வெற்றிடங்களை விலக்கிக் கூட்டும் சார்பு ஒன்றும், வெற்றிடங்களை விலக்கி இடை காணும் சார்பு ஒன்றும் அதிலுள்ளன. முப்பது நாளும் வெற்றிடமாயுள்ள நவம்பர் மாதத்தை முதலாவது சார்பிடம் கொடுத்தால், அது சந்தடி எதுவுமின்றி 0 என விடை தருகின்றது. கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லாதவிடத்துக் கூட்டுத்தொகை பூச்சியம் என்பது கணித முறைப்படி சரியானதே. ஆயினும் மழைவீழ்ச்சி அட்டவணையில் அந்தப் பூச்சியம் ஒரு பொய். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான காலத்தில் விழுவது. அவற்றுள்ளும் நவம்பரே தலையாயது. 1995 நவம்பரில் ஒரு துளியும் விழவில்லை என்று எழுதுவது, ஊர் இல்லாதபடியால் வானமும் இல்லை என்று எழுதுவதற்கு ஒப்பாகும். இரண்டாவது சார்பு அவ்வாறு செய்வதில்லை. அது 'எண் அன்று' என்னும் பெறுமானத்தைத் திருப்பித் தருவதோடு, வெறுந் தொகுதிக்கு இடை காணப்பட்டது என்று ஓர் எச்சரிக்கையையும் திரையில் எழுதுகின்றது.

பைதனில் வழுவும் எச்சரிக்கையும் வேறு வேறு. வழு நேர்ந்தால் நிரல் நின்றுவிடும். எச்சரிக்கை நிரலை நிறுத்தாது. விடையும் வரும், விடையைப் பற்றிய ஐயமும் வரும். ஓடும்போது கணிப்பில் நேரும் ஐயங்களுக்கென ஓட்டநேர எச்சரிக்கை என்றொரு வகை இருக்கின்றது. மேற்சொன்ன வெறுந்தொகுதி எச்சரிக்கை அவ்வகையைச் சேர்ந்தது.

அவள் இரண்டாவது சார்பையே தெரிந்தாள். பின்னர் தன் நிரல் பிறழாதிருக்கின்றதா என்று பார்ப்பதற்குச் சிறுசிறு சோதனைகளும் எழுதினாள். அவற்றுள் முதலாவது, 1995 நவம்பருக்கு விடை பூச்சியமாய் இராமல் 'எண் அன்று' என்பதாய் இருத்தல் வேண்டும் என்பது. சோதனை தேறியது. தேறிய ஒவ்வொரு தடவையும் அவ்வெச்சரிக்கை திரையில் வந்து விழுந்தது. அது பிழையன்று என்பது அவளுக்குத் தெரியும். தானே எதிர்பார்த்து எழுதியதன் பயன் அது. தெரிந்திருந்தும் அதனைக் காணும்போதெல்லாம், விடை சரியென்று கூறி அருகிற் கேள்விக்குறி இட்ட விடைத்தாளைப் பெற்றவள் போல அமைதியிழந்தாள்.

விடுதியிற் பக்கத்து அறையில் இருந்த விஞ்ஞானபீடத்து அக்கா ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "உது வாறதெண்டு உமக்குத் தெரியும்தானே? பிறகேன் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுறீர், நிப்பாட்டிவிடும்" என்று சொல்லி இரண்டு வரிகளை எழுதிக் கொடுத்தாள். முதலாவது வரி எச்சரிக்கைத் தொகுப்பை அழைப்பது. இரண்டாவது, ஓட்டநேர எச்சரிக்கை என்ற வகையினை முழுவதுமாகப் புறக்கணிக்கும்படி சொல்வது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்பாக ஓடும் ஆயத்தப் பகுதியில் அவ்வரிகள் இடம் பெற்றன. சில நாளில் நிரலின் தலைப்பிலும் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தாள். திரை துப்புரவாயிற்று.

அந்த அக்கா சொன்னது வெறும் சோம்பற் பேச்சன்று. வந்துகொண்டேயிருக்கும் எச்சரிக்கையை எவரும் வாசிப்பதில்லை. 1985 தொடக்கம் 1987 வரை வட அமெரிக்க வைத்தியசாலைகளில் தெராக் 25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறியால் ஆறு நோயாளர் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுட் சிலர் இறந்தனர். அப்பொறி நாள்தோறும் பலமுறை 'கோளாறு' என்ற சொல்லையும் ஓர் இலக்கத்தையும் காட்டித் தயங்கி நிற்பது வழக்கம். இயக்குநர்கள் ஒரு விசையைத் தட்டித் தொடரப் பழகியிருந்தனர். கோளாறு 54 என்று திரை காட்டியபோதும் அவ்வாறே தொடர்ந்தனர். ஓயாது கூவும் பொறி ஊமைப் பொறிக்கு நிகரானது என்பதை அறிந்தவர் எவரும், சோதனைத் திரை துப்புரவாய் இருக்கவேண்டும் என்பதை மறுக்கமாட்டார். துப்புரவு செய்யும் விதத்திலேதான் சங்கடம் இருக்கின்றது.

பைதனை ஆக்கியவர்கள் இச்சங்கடத்தை அறியாதவர்களல்லர். எச்சரிக்கைகளை வடிகட்டும் ஏற்பாடு 2001இல் வெளியான 2.1ஆம் பதிப்பில் அம்மொழியிற் புகுந்தது. அங்கே ஒரு வடி ஐந்து உறுப்புக்களை உடையது: செய்ய வேண்டியது யாது, எச்சரிக்கையின் வாசகம் எவ்வாறு தொடங்குவது, அது எவ்வகையைச் சேர்ந்தது, எந்தப் பகுதியிலிருந்து எழுந்தது, எத்தனையாம் வரியில் எழுந்தது. செய்ய வேண்டியது என்ற உறுப்பிலே புறக்கணித்தலும் ஒன்று. வழுவாக மாற்றி நிரலை நிறுத்துவதும் ஒன்று. அவளுக்குக் கிடைத்த வரியோ வகை என்னும் ஓர் உறுப்பை மட்டும் நிரப்பி, ஏனையவற்றைத் திறந்து விட்டிருந்தது. தன் வீட்டுக்கு வரும் ஒருவரை உள்ளே விடவேண்டாம் என்று சொல்லவேண்டியவர், அந்த ஊரார் எவரையும் விடவேண்டாம் என்று காவலாளிக்குச் சொன்ன கதை அது.

அடக்கிய எச்சரிக்கைகளாற் பட்ட பாடு அம்மொழிக்கும் உண்டு. வருங்காலத்தில் நீக்கப்படவுள்ள அம்சங்களைப் பற்றிய எச்சரிக்கை, நிரலைப் பயன்படுத்தும் சாதாரண மக்களுக்கு வீண் தொல்லை என்று கருதி, 2010இல் வெளியான 2.7ஆம் பதிப்பில் அது இயல்பாகவே மறைக்கப்பட்டது. தொல்லை தீர்ந்தது, நிரலை எழுதுவோரும் அதைக் காணாமற் போயினர். பின்னர் சோதனை ஓட்டங்களிலேனும் அது தோன்றும்படி செய்தனர். 2018இன் 3.7ஆம் பதிப்பில், நேரே இயக்கப்படும் நிரலில் எழுவதை மாத்திரம் மீளவும் காட்டத் தொடங்கினர். யாருக்காக மறைக்கிறோம் என்பதை எண்ணாது மறைத்ததை எட்டாண்டு சென்று பாதி திறக்க வேண்டியதாயிற்று.

அட்டவணையின் முதற் பிரதியை அவள் விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டு சென்றாள். அப்பப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே பிடித்து, தம்முடைய நிலையத்தின் நிரலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதிலே குறை சொல்லவில்லை. பின்பு பக்கத்து நிலையத்தின் நவம்பரில் விரலை வைத்தார்.

"உது பிழை பிள்ளை."

"எப்பிடிச் சொல்லுறீங்கள் அப்பப்பா? கணக்குக் கணினி போட்டது."

"அங்கை எங்களைவிடக் கொஞ்சம் குறையப் பெய்யும். உவ்வளவு குறையாது."

அதற்குமேல் அவரிடம் நியாயம் இல்லை. முப்பது மாரிகளைக் கண்ட ஒருவரின் கணிப்பு அது. அவள் முதலில் அதை ஏற்கவில்லை. இரவு முழுதும் அந்நிலையத்தின் வாய்பாட்டை மீளப் பார்த்தாள், பிழை காணவில்லை. சோதனைகளை ஓட்டினாள், எல்லாம் தேறின. விடியும் வேளையில், வேறு வழி தோன்றாமல், அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு நிரலை ஓட்டினாள். திரையில் இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. ஒன்று அவளுக்குப் பழக்கமான வெறுந்தொகுதி. மற்றையதை அவள் அதற்கு முன்னர் கண்டதில்லை: வர்க்கமூலங் காணுமிடத்துச் செல்லாத பெறுமானம் எதிர்ப்பட்டது.

மழைவீழ்ச்சித் தரவு ஒருபுறம் சரிந்து நிற்பது. சில பெருமழைகள் அதனை இழுத்துவிடும். அச்சரிவைக் குறைத்தற்கு வர்க்கமூலங் காண்பது புவியியலாளர் கையாளும் வழிகளுள் ஒன்று. பூச்சியத்துக்கு வர்க்கமூலம் உண்டு. மறை எண்ணுக்கு இல்லை. மழைவீழ்ச்சியிலே மறை எண் எங்கிருந்து வரும்? கோப்பைத் திறந்து பார்த்தாள். அதனைப் பதிந்தவர், கோடிட்ட மாதங்களுக்கெல்லாம் வெற்றிடம் விடாமல் -99.9 என்று எழுதியிருந்தார். பதிவில்லை என்பதற்கு இப்படி ஓர் இயலாத எண்ணை இடுவது பழைய வழக்கமே. கோப்பைக் கொடுத்தவர் அதைச் சொல்ல மறந்தார். கேட்கவேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வர்க்கமூல நிரலில் அம்மறை எண்கள் 'எண் அன்று' என மாறி விலக்கப்பட்டுவிட்டன. ஆதலால் அந்நிரல் பார்வைக்குப் பழுதின்றி இருந்தது. ஆனால் வர்க்கமூலம் காணாத சாதாரண இடையில் -99.9 என்பது உண்மையான மழைபோலக் கூட்டப்பட்டது. முப்பது நவம்பர்களில் மூன்றுக்குப் பதிவில்லை என்றும், ஏனைய இருபத்தேழின் இடை 370 மில்லிமீற்றர் என்றும் கொண்டால், இந்தக் கூட்டலால் இடை 323 ஆக இறங்கிவிடும். எவரையும் திடுக்கிடச் செய்யாத இறக்கம் அது. ஒரு மறை விடை வந்திருந்தால் முதல்வருட மாணவனும் கண்டுபிடிப்பான். 323 என்பது நம்பத்தக்க எண். பரீட்சகர் தாண்டிச் செல்வார். பிறகு அவர் காட்டிய மேற்கோளாக இன்னொருவர் கட்டுரையிலும் அது ஏறும். அப்பிழைக்கு இருந்த ஒரேயொரு சாட்சி அந்த எச்சரிக்கை. அதுவும், அவளுக்கு நன்கு தெரிந்த இன்னொரு எச்சரிக்கையும், ஒரே வகைப் பெயரைத் தாங்கியபடியால் ஒரே வரியில் வாயடைக்கப்பட்டன.

விடுமுறை முடிந்து திரும்பியதும் அவள் நடந்ததை மேற்பார்வை செய்த விரிவுரையாளரிடம் சொன்னாள். திட்டு விழும் என்று எண்ணியிருந்தாள். அவர் டெபியன் கதையைச் சொன்னார். மறைகுறியாக்கத்துக்கு உலகெங்கும் பயன்படும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலை, டெபியன் என்ற இலவச இயங்குதளத்துக்குப் பொதிசெய்பவர் ஒருவர் 2006இல் ஆராய்ந்தார். தொடக்கப் பெறுமானம் இடப்படாத நினைவகம் வாசிக்கப்படுவதாகச் சோதனைக் கருவி எச்சரித்தது. எச்சரிக்கைக்குக் காரணமாய் ஒன்றையொன்று ஒத்த இரு வரிகள் இருந்தன. அவர் இரண்டையும் நீக்கினார். அவற்றுள் ஒன்றை நீக்கியதாற் கேடில்லை. மற்றையதோ, இரகசியத் திறவுகோல்களை ஆக்குவதற்கு வேண்டிய எழுமாற்றுத் தன்மையை உள்ளே ஊட்டிய வரி. அதன்பின் எஞ்சிய எழுமாறு, இயங்கும் செயலுக்குக் கணினி கொடுக்கும் இலக்கம் மாத்திரம்; அது 32,768 வகைக்கு மேற்படாது. 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ என்பவர் இதைக் கண்டறியும் வரை, டெபியனிலும் அதன்வழி வந்த உபுண்டுவிலும் ஆக்கப்பட்ட திறவுகோல்கள், பொறுமையுடைய எவரும் ஒவ்வொன்றாக முயன்று திறக்கக்கூடியனவாய் இருந்தன. பொதிசெய்தவர் கவனமற்றவரல்லர், நீக்கலாமா என்று அந்நிரலை ஆக்கியோரின் மடற்குழுவில் முன்கூட்டியே கேட்டும் இருந்தார். எச்சரிக்கை வந்த இடத்தை அவர் அறிந்திருந்தார். இரண்டு எச்சரிக்கைகளும் ஒன்றல்ல என்பதை அறியவில்லை.

"நீர் நிப்பாட்டினது பிழையில்லை. எதை நிப்பாட்டினீர் எண்டு எழுதாததுதான் பிழை" என்று விரிவுரையாளர் சொன்னார். அவளுக்கு அது பாதிதான் சரியென்று பட்டது. வெறுந்தொகுதி எச்சரிக்கையை வாசகத்தைக் குறித்துத் தனியாக அடக்கியிருந்தால், -99.9 வெளிப்பட்டிருக்கும் என்பது உண்மையே. ஆனால் அவ்வெச்சரிக்கையையும் அடக்கத்தான் வேண்டுமா? நாளைக்கு எவராவது கொப்பித் தரவிலுள்ள வெற்றிடங்களைப் பூச்சியத்தால் நிரப்பினால், அந்த எச்சரிக்கை வராமற்போகும். வராமற்போனது எவருக்கும் தெரியாது. வர வேண்டிய ஒன்று வந்ததா என்று கேட்காத சோதனை, அதைப் பொறுத்தவரை சோதனையே அன்று.

பைதனின் சோதனைத் தொகுப்பில் இதற்கு வழியுண்டு. குறித்த எச்சரிக்கை எழவேண்டும் என்று வற்புறுத்தி, எழாதவிடத்துச் சோதனையைத் தவறச் செய்யும் கூற்று 2011இல் வெளியான 3.2ஆம் பதிப்பிலிருந்து இருக்கின்றது. வாசகத்தையும் ஒப்பிடும் கூற்றொன்று அதன் அருகில் உண்டு. இவற்றிலும் ஒரு சிறு குறையை அவள் கண்டாள். எதிர்பார்த்த எச்சரிக்கை வந்துவிட்டால், அதே வேளையில் உடன்வந்த வேறு எச்சரிக்கைகள் அங்கே சத்தமின்றி மறைந்துவிடுகின்றன. ஆகவே அவள், 2008இன் 2.6ஆம் பதிப்பு தொட்டு இருந்துவரும் பழைய முறையைத் தெரிந்தெடுத்தாள். எழும் எச்சரிக்கைகளை யாவும் ஒரு பட்டியலிற் சேர்த்து, பட்டியலில் ஒன்றே ஒன்று இருக்கின்றதா, அதன் வாசகம் வெறுந்தொகுதியைப் பற்றியதா என்று பார்க்கும் முறை அது. அச்சோதனை முடிந்ததும் வடிகள் முன்னிருந்த நிலைக்குத் தாமாகவே மீளும். ஏனைய சோதனைகள் எல்லாவற்றிலும், எந்த எச்சரிக்கை எழுந்தாலும் அதை வழுவாக்கி நிறுத்தும்படி எழுதினாள். மாற்றியெழுதிய அன்றே மூன்று சோதனைகள் தவறின. இரண்டு அந்த -99.9ஆல் வந்தவை. மூன்றாவதற்குக் காரணம் அவளுடைய தட்டச்சுப் பிழை: 1987ஆம் ஆண்டுச் சுவடொன்றைப் பதியும்போது கை தவறிச் சிறு மறை எண்ணாக்கி இருந்தாள். வகையை அடக்கிய இரு வரிகளும் அதையுங் கூடவே மூடி வைத்திருந்தன.

பக்கத்து அறை அக்காவுக்கு இதைக் காட்டியபோது அவள் சற்று நேரம் வாசித்துவிட்டு, "இது கனக்க வரியல்லோ" என்றாள். உண்மைதான். இரண்டு வரி இருந்த இடத்தில் பதினொரு வரி வந்திருந்தது.

சோதனைக்கு ஒரு பெயரிட வேண்டியிருந்தது. முன்னர் அதற்கு இலக்கம் மாத்திரமே இருந்தது. இப்பொழுது 'பதிவில்லாத மாதம் பூச்சியமாகாது' என்று எழுதினாள். அட்டவணையிலும் அம்மாதங்களில் 'எண் அன்று' என்பதை அச்சிடாமல், அப்பப்பாவின் கொப்பியிலுள்ளதைப் போலவே குறுக்குக் கோட்டை அச்சிடும்படி செய்தாள். அடிக்குறிப்பிலே கோடு என்பது அவதானிப்பு இன்மை, 0.0 என்பது மழை இன்மை என்று ஒரு வரி சேர்த்தாள்.

நேர்முகப் பரீட்சையில் வெளிப் பரீட்சகர் அந்தக் கோடுகளைப் பற்றியே முதற் கேள்வியைக் கேட்டார். விடுபட்ட மாதங்களை அயல் நிலையங்களின் விகிதத்தைக் கொண்டு மதிப்பிட்டு நிரப்பும் முறை உண்டே, அதனை ஏன் கையாளவில்லை என்றார். 1995 நவம்பரில் அவளிடமிருந்த அயல் நிலையத்திலும் கோடே இருந்தது என்று அவள் சொன்னாள். தென்மராட்சியில் ஏதாவது நிலையம் இல்லையா என்று அவர் மீண்டும் கேட்டார். தென்மராட்சியில் அந்த மாதம் மானியைப் பார்க்கத்தக்க ஒருவர் இருந்தார், ஆனால் அவரிடம் மானி இல்லை என்றாள். பரீட்சகர் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.